கராச்சி – பம்பாய்: ஏழேகால் மணித்தியாலம்

முல்லைத்தீவிலிருந்து வெளிநாடு போகிறவருக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. முதல்நாள் வான் பிடித்து இரவிரவாகக் கட்டுநாயக்காவுக்கு ஓடுவதில் தொடங்குகிறது. வரைபடத்தில் தூரம் மாறாது. பாதை திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். இந்தக் கணக்கை வாழ்நாள் முழுதும் போட்டுப் பார்த்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா.

1904 யூலை 29 இல் பாரிஸில் பிறந்தார். தகப்பன் பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண். விடுமுறைக்குப் போகும் கடற்கரையில், ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த லூயி பிளேரியோவின் குடும்பம் அயலில் இருந்தது. பறக்கும் ஆசை அங்கேதான் பிடித்தது. 1929 பெப்ரவரியில் இந்தியாவின் முதலாவது விமானி அனுமதிப்பத்திரம் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டியில், எகிப்தில் தரித்து நின்ற போட்டியாளர் ஆஸ்பி என்ஜினியருக்குத் தன்னிடமிருந்த ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்தார். வென்றது ஆஸ்பி.

அப்போது லண்டன் தபால் விமானத்தில் கராச்சி வரை வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர்ந்தது. 1932 ஒக்ரோபர் 15 காலை 6.35க்கு, சுமார் 25 கிலோ தபாலுடன் ஒற்றை இயந்திர 'புஸ் மொத்' விமானத்தில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. புறப்பட்டார். வானொலித் தொடர்பு கிடையாது. அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் வந்தது. பிற்பகல் 1.50க்கு பம்பாய் ஜுகுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோனார். மழைக்காலத்தில் ஜுகு சேறாகிவிடும். அப்போது புனேயில்தான் இறங்கவேண்டும்.

1938 இல் இந்தச் சேவை கொழும்பைத் தொட்டது. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பலாலியிலிருந்து சென்னை சுமார் 350 கிலோமீற்றர்தான். ஆனால் போர் அந்த வழியை மூடியது. 2019 நவம்பரில் பலாலி–சென்னை சேவை மீளத் தொடங்கும்வரை, வடக்கே இருக்கும் சென்னைக்குப் போக எங்கள் சனம் முதலில் தெற்கே கொழும்புக்குப் போனது. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது.

1948 யூனில் ஜே.ஆர்.டி.யின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் போனது. சுமார் 8,000 கிலோமீற்றர். 1953 இல் நிறுவனம் அரசுடைமையானது. தலைவராகத் தொடர்ந்தவரை 1978 இல் அரசு நீக்கியது. அவ்வளவு உழைத்தவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

1982 ஒக்ரோபர் 15 இல், 78 வயதில், பழைய 'லெப்பர்ட் மொத்' ஒன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்தார். இடையில் இப்போது ஓர் எல்லைக்கோடு. 1993 நவம்பர் 29 இல் ஜெனிவாவில் காலமானார்.

கராச்சிக்கும் பம்பாய்க்கும் நேர்த்தூரம் சுமார் 900 கிலோமீற்றர். ஜெட் விமானத்துக்கு இரண்டு மணித்தியாலம் போதும். இன்று நேரடிச் சேவை இல்லை. டுபாய் சுற்றினால் 3,000 கிலோமீற்றருக்கு மேல். காத்திருப்பையும் சேர்த்தால் 1932 இல் அவருக்கு எடுத்த நேரத்தையும் தாண்டிவிடும்.