ஆட்டுக்குரல் சொன்ன சேதி

விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டில் வெள்ளாடு மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது கத்தும்போது குரல் நடுங்கி, மூக்கால் வருவது போல இருக்கும். நோயாளி பேசும்போது அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டருக்கு அப்படி ஒரு குரல் கேட்டால், நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கலாம்! இதைக் கண்டறிந்தவர், ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய ரெனே லென்னெக்.

1781இல் பிரான்சில் கேம்பேர் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். டாக்டரான சித்தப்பாவிடம் வளர்ந்து, தானும் மருத்துவம் படித்தார். புல்லாங்குழல் வாசிப்பார், கூர்மையான காது அவருக்கு.

அந்தக் காலத்தில் நெஞ்சுக்குள் இருப்பதை அறிய, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பாதி தண்ணீர் உள்ள குடத்தை மேலிருந்து கீழாகத் தட்டிப் பாருங்கள், தண்ணீர் மட்டம் வந்ததும் சத்தம் மாறும். அதே வித்தைதான். இல்லாவிட்டால் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பார்கள்.

1816இல் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தார். பருத்த உடல் என்பதால் தட்டியதில் பயனில்லை. ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்க லென்னெக்குக்குக் கூச்சம். நீளமான மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. (நீங்களும் மேசையில் காதை வைத்துச் செய்து பாருங்கள்.) தாள்களை இறுக்கிச் சுருட்டி மார்பில் வைத்தார். இதயத்துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது!

பிறகு ஓர் அடி நீளத்தில் மரக்குழாயைத் தானே கடைந்து செய்தார். மூன்று ஆண்டுகள் நூற்றுக்கணக்கானோரைக் கேட்டுக் குறித்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, தான் கேட்ட சத்தத்தோடு ஒப்பிட்டார். இந்தப் பொறுமைதான் குழாயைவிடப் பெரிய விஷயம். 1819இல் எல்லாவற்றையும் நூலாக வெளியிட்டார்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. நடுவே வழுக்கலுக்காகக் கொஞ்சம் நீர் இருக்கும். காசநோயாலோ இதயம் பலவீனமானாலோ அது பெருகினால், நுரையீரல் விரிய இடமின்றி மூச்சு வாங்கும். இப்போது எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கின்றன. முழு மூச்சையும் ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமீட்டரும் இருக்கிறது. நீர் அழுத்தினால் அதில் அளவு குறையும். ஆனால் ஏன் குறைந்தது என்பதை அந்தக் கருவியால் மட்டும் சொல்ல முடியாது. அதனால் இன்றும் டாக்டர்கள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார்கள்.

1826இல் லென்னெக்குக்கே இருமலும் காய்ச்சலும் வாட்டின. டாக்டரான உறவினர் மெரியாதெக்கிடம் தன் குழாயைக் கொடுத்து, கேட்பதை அப்படியே சொல்லச் சொன்னார். மெரியாதெக் சொன்ன சத்தங்களை அவர் பல நோயாளிகளிடம் கேட்டிருக்கிறார். காசநோய்! அதற்கு அப்போது மருந்தே கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 13இல், 45 வயதில் காலமானார். அந்த மரக்குழாயை மெரியாதெக்குக்கே உயில் எழுதி வைத்திருந்தார்.