தோர்ணக்கல்லில் துயிலும் தமிழர்
(அத்தியட்சர் அசரியாவின் வரலாறு)

செகந்தராபாத்திலிருந்து காசிப்பேட்டை, வாரங்கல் வழியாக விஜயவாடா நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் நம் குடும்பங்களுள் சில அதனை இரவு உறக்கத்திலேயே கடந்துவிடுகின்றன. விழித்திருப்போருக்கும் அது நிலக்கரி வண்டிகள் பிரிந்து செல்லும் ஒரு சந்திப்பாகவே தோன்றும். அவ்வூரில் ஒரு பேராலயம் எழுந்து நிற்பதும், அதனருகே திருநெல்வேலிச் சீமைத் தமிழர் ஒருவர் மண்ணில் துயில்வதும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர்.

இக்கட்டுரையை எழுதும் அடியேன் கிறிஸ்தவ மார்க்கத்தைச் சேர்ந்தவன் அல்லேன். எனினும் விசுவாசம், அவிசுவாசம் என அம்மார்க்கத்தார் வழங்கும் இரு சொற்களின் பொருளை இப்பெரியாரின் வாழ்க்கையைக் கொண்டே ஒருவாறு உணர்ந்தேன். அவ்வுணர்வை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

கடவுள் உண்டு என்பது விசுவாசம், இல்லை என்பது அவிசுவாசம் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். கிறிஸ்தவ வேதம் கூறுவது அதனினும் ஆழமானது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியைக் கேட்டபோது, கண்ணால் கண்டு கையால் தொட்டாலன்றி அதனை ஏற்க மறுத்தவர் தோமா. அவ்வாறு ஐயுற்றவரை இயேசு தள்ளிவிடவில்லை. அவருக்கும் காட்சி தந்தார். அந்தத் தோமாவே பின்னர் மயிலாப்பூர் வரை வந்து போதித்தார் என்பது நம் நாட்டுக் கிறிஸ்தவர் போற்றும் மரபு. பரங்கிமலையும் சின்னமலையும் இன்றும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. மற்றோரிடத்தில், நோயுற்ற மைந்தனுக்காக மன்றாட வந்த தந்தை ஒருவர், தம் உள்ளத்தில் நம்பிக்கையோடு நம்பாமையும் கலந்திருப்பதை ஒளியாது ஒப்புக்கொண்டார். அவர் மைந்தனும் குணமடைந்தான். ஆகவே ஐயம் கொள்வது பெருங்குற்றமன்று. வாயினால் நம்புகிறேன் என்று சொல்லிச் செயலினால் மறுப்பதே உண்மையான அவிசுவாசம். நம் தமிழிலும் விசுவாசம் என்ற சொல் பற்றுறுதியைக் குறிக்கிறதன்றோ? அது நாவோடு நின்றுவிடுவதன்று, நடத்தையில் விளங்குவது. அசரியா தம் வாழ்நாள் முழுவதும் போராடியது கோயிலுக்குப் புறத்தே இருந்த நாத்திகத்தோடு அன்று. கோயிலுக்குள்ளேயே குடியிருந்த இந்த அவிசுவாசத்தோடேயாம்.

அவர் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகிக் குருத்தொண்டு பூண்டவர். அன்னையார் எலன் அம்மையார் கண்டிப்பும் பக்தியும் ஒருங்கே வாய்ந்தவர். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் கல்வி பயின்ற அசரியா பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். பட்டமின்றிச் சென்ற அவருக்கே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. தேர்வில் பின்தங்கிய நம் பிள்ளைகள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

1895ஆம் ஆண்டு முதல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றிப் பணியாற்றினார். 1898இல் அன்பு மாரியம்மாளைச் சீதனம் பெறாது மிக எளிய முறையில் மணந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் அவ்வம்மையார் கல்லூரி வாசலை மிதித்தவர். பின்னாளில் கணவரின் பணிகள் அனைத்திலும் தோள் கொடுத்தவர்.

1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் தம் கைப்பொருளைக் கொண்டே வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. திருநெல்வேலித் திருச்சபை பல தலைமுறைகளைக் கண்டது. கோயில்களும் பள்ளிகளும் நிறைந்தது. எனினும் பெற்றுக்கொள்வதில் பழகிய அளவுக்குக் கொடுப்பதில் பழகவில்லை. பிற நாட்டார் தந்த பொருளில் வளர்ந்த சபை, அண்டை நாட்டாருக்குத் தான் ஏதும் தரவில்லை. பெற்றது பெருஞ்செல்வம் என்று நாள்தோறும் பாடிக்கொண்டே அதனைப் பெட்டியிற் பூட்டி வைப்பது விசுவாசமாகுமா? இவ்வினாவே அவரை உறங்கவிடாது ஓட்டிற்று.

ஊர் திரும்பியதும் நண்பர்களோடு கலந்து, 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினார். தமிழரின் காணிக்கையால், தமிழரின் நிருவாகத்தில், தமிழரையே ஊழியராகக் கொண்டு நடப்பது அச்சங்கம். அது தேர்ந்த களம் நைஜாம் ஆட்சிக்கு உட்பட்ட நம் தெலுங்கு நாடே. 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் முதல் ஊழியராக, மானுகோட்டா எனவும் வழங்கும் மகபூபாபாத் பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் செராம்பூரில் கே. டி. பால் முதலியோருடன் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தையும் அசரியா தோற்றுவித்தார்.

பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் நகரத்தில் அமர்ந்திருப்பதும் அவருக்கு உறுத்தலாயிற்று. 1909ஆம் ஆண்டில், தம் முப்பத்தைந்தாம் வயதில், நல்ல பதவியையும் நாடறிந்த பெயரையும் விடுத்துக் குருப்பட்டம் ஏற்றுத் தோர்ணக்கல்லுக்கு வந்தார். அந்நாளில் அது காடு சூழ்ந்த சிற்றூர். மொழி புதிது, மக்கள் புதியவர், காய்ச்சல் மட்டும் எங்கும் உண்டு. அவர் தெலுங்கை முதலிலிருந்து கற்றார். பின்னர் அம்மொழியிலேயே போதித்தார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1910 ஜூன் மாதத்தில், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளுள் ஆசியர் இருபதுக்கும் குறைவு. அப்பேரவையில் எழுந்து, மேல்நாட்டு ஊழியருக்கும் இந்தியருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி அசரியா அஞ்சாது உரைத்தார். வெள்ளையர் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை, நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ஆனால் கொடையும் உழைப்பும் மட்டும் போதாவென்றும், இந்தியரைச் சமமாகப் பாவித்து ஒரே பந்தியில் அமர்த்தும் நட்பே தாங்கள் வேண்டுவதென்றும் எடுத்துரைத்தார். கேட்டோரிற் சிலர் மகிழ்ந்தனர். சிலர் முகம் கடுத்தனர். ஒரே தந்தையின் மக்கள் யாவரும் என்று போதித்துவிட்டு உடன்பிறப்பை வாசற்படியில் நிறுத்துவதும் அவிசுவாசமே என்பதன்றோ அப்பேச்சின் உட்கருத்து?

இந்தியர் ஒருவரை அத்தியட்சராக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது அவ்வவிசுவாசம் வெளிப்படையாகவே தலைகாட்டிற்று. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் துரை அசரியாவை உறுதியாக ஆதரித்தார். ஆயினும் வெள்ளையர் பலர், இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் பணியாற்றுவதா என்று தயங்கினர். தமிழ்க் கிறிஸ்தவருள்ளும் அவருடைய சாதியை மனத்திற்கொண்டு எதிர்த்தவர் உண்டு. பரிசுத்த ஆவியானவர் எவரையும் தெரிந்துகொள்வார் என ஞாயிறுதோறும் அறிக்கையிட்டவர்களே, இவரைத் தெரிந்துகொள்வார் என்று நம்பவில்லை! முடிவில், பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறத்தே ஒரு சிறு மண்டலம் வகுத்து, அதனை அவர் கையில் ஒப்படைத்துப் பார்ப்பதென ஏற்பாடாயிற்று. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 38.

சோதனையாகத் தொடங்கிய அச்சிறு மண்டலம் பின்னர் கிருஷ்ணா கரை வரை விரிவடைந்தது. 1940களின் தொடக்கத்தில் அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர் இருந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்படும் ஒடுக்கப்பட்ட ஏழை மக்கள். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களை ஓட்டுவதும் ஞானோபதேசத்தின் ஒரு பகுதியே என்று அசரியா கருதினார். ஏழைதானே, இவனிடம் என்ன வாங்குவது என்று அவர் விட்டுவிடவில்லை. வாங்கவே பிறந்தவன் என்று ஒருவனை எண்ணுவது அவனை இழிவுபடுத்துவதாகும். கொடுக்கும் கையே நிமிர்ந்து நிற்கும். எனவே சமைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலில் படைக்கும் வழக்கம் அக்குடிசைகளில் வேரூன்றிற்று. நம் பாட்டிமார் எடுத்து வைத்த பிடியரிசியை இது நினைவூட்டவில்லையா?

அவ்வெளிய மக்களின் காணிக்கையும் சேர்ந்து உருவானதே தோர்ணக்கல் பேராலயம். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் சிறுகச் சிறுக வளர்ந்த அது 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிட்டை செய்யப்பெற்றது. மசூதிகளைப் போன்ற கும்மட்டங்களும் கோபுரத் தூண்களும், இந்துக் கோயில் மண்டபத்தைப் போன்ற தூண்வரிசையும் அதில் ஒன்றி நிற்கின்றன. மார்க்கம் மாறினாலும் மண் மாற வேண்டுவதில்லை என்று அக்கட்டடமே சொல்லாமற் சொல்கிறது.

ஆயினும் எல்லாம் வெற்றியே என்று கூறுதல் வாய்மையாகாது. ஒரே ஞானஸ்நானம் பெற்ற மாலரும் மாதிகரும் பல ஊர்களில் தமக்குள் பேதம் பாராட்டினர். தமிழ்நாட்டுச் சபைகளிலும் சாதி ஒழியவில்லை. தாம் இந்துவாக இறப்பதில்லை என 1935இல் அறிவித்த டாக்டர் அம்பேத்கர், அசரியாவிடம் ஒரு வினா விடுத்ததாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். தம் மக்கள் கிறிஸ்தவரானால் எங்கும் பிளவற்ற ஒரே சபையில் இருக்க முடியுமா, சாதியின் பிடியிலிருந்து முற்றும் விடுபட முடியுமா என்பதே அவ்வினா. அசரியா வெட்கி மௌனியானார் என்பர். பொய்யான உறுதிமொழியினும் அம்மௌனம் உயர்ந்தது என்பது என் துணிபு. நம்பாமையையும் மறைக்காது ஒப்புக்கொண்ட அந்தத் தந்தையின் நினைவு இங்கே வருகிறது.

காந்தியடிகளும் அவரோடு முரண்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுவதை 1930களில் அடிகள் கண்டித்தார். அவர்களின் வாழ்வு மாறியதைப் பற்றி அசரியா கூறியவற்றையும் ஐயுற்றார். அசரியாவோ, ஏழைக்கும் தன் மார்க்கத்தைத் தானே தெரிந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டென நின்றார். அதே வேளையில், கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாமென்றும், அது நாட்டு மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்துவிடும் என்றும் எதிர்த்தார். இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற அடியேனுக்குத் தகுதியில்லை. இருவருமே சொல்லியபடி நடந்தவர்கள் என்பது மட்டும் தெளிவு.

சபைகள் பிரிந்து கிடப்பதையும் அவர் அவிசுவாசத்தின் விளைவாகவே கண்டார். 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியரான 33 குருமாரைக் கூட்டி ஐக்கிய அறிக்கை வெளியிடுவதில் முன்னின்றார். அதன் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் அதற்காகவே உழைத்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் பிறந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலேயே தோர்ணக்கல்லில் அவர் ஆவி பிரிந்தது. அந்நாள் வரை மண்டலம் ஒன்றை ஆண்ட இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் வேறெவரும் இலர். விளைச்சலைக் காணாமலே விதைத்துக்கொண்டிருத்தலும் விசுவாசமே போலும்.

அன்பர்களே! நாமும் பிழைப்பைத் தேடி இத்தெலுங்கு நாட்டுக்கு வந்தவர்கள். யாதும் ஊர், யாவரும் கேளிர் என்னும் கொள்கையை விழா மேடைகளில் முழங்குகிறோம். ஆனால் அடியேனோ இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும், காய்கறி வண்டிக்காரரிடம் விலை பேசும் அளவுக்கு மேல் தெலுங்கு கற்கவில்லை. அடுத்த வீட்டார் துக்கத்தில் அவர்கள் மொழியில் ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்லத் தெரியாது நின்றதும் உண்டு. நாவில் ஒன்றும் நடையில் ஒன்றுமாக இருப்பது எம்மதத்தில் பிறந்தாருக்கும் அவிசுவாசமே என்பதை அசரியாவின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

அடுத்த முறை அவ்வழியே வண்டி செல்லும்போது, தோர்ணக்கல் வருமுன் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். நம்மைப் போலவே தெற்கிலிருந்து இங்கு வந்த தமிழர் ஒருவர், இம்மக்களின் மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டு, இம்மண்ணிலேயே கலந்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர் நினைவு வாழ்க! தமிழ்ப் பண்பு வளர்க!