தம்போய் வரை நீண்ட கை

தம்போய் பெர்மாய் மருத்துவமனையைத் தெரியாத ஜொகூர்வாசிகள் குறைவு. ஜப்பானியர் காலத்தில் அங்கே பிளேக் ஆயுதத்திற்காக எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வளர்க்கப்பட்டது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் 1942-இல் அமைந்த 9420 படைப்பிரிவின் வேலை அது. இத்தகைய பிரிவுகளுக்கெல்லாம் மூளையாக இருந்தவர் ஷிரோ இஷி.

1892-இல் ஜப்பானின் சிபாவில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். கியோட்டோவில் மருத்துவம் படித்து இராணுவ மருத்துவரானார். அசுத்த நீரைக் குடிநீராக்கும் வடிகட்டியையும் உருவாக்கினார். அவருடைய பிரிவுகளுக்கு வெளியே சொல்லப்பட்ட பெயரே நோய்த்தடுப்பு, நீர்த் தூய்மைப் பிரிவு! மஞ்சூரியாவின் பிங்பாங்கில் அவர் நடத்திய 731 பிரிவில் கைதிகளின் உடலில் கிருமிகள் சோதிக்கப்பட்டன.

கிருமிக்குத் தன் படை, எதிரிப் படை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதே. 1942-இல் சீனாவின் செஜியாங்கில் பரப்பிய கிருமிகள் ஜப்பானிய வீரர்களையே தாக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1945 ஆகஸ்டில் பிங்பாங் கட்டடங்கள் அவசரமாகத் தகர்க்கப்பட்டன. நோயுற்ற எலிகள் வெளியேறின. மறு ஆண்டு சுற்றுக் கிராமங்களில் பிளேக் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆய்வுக்கூடத்தை மூடுமுன் விலங்குகளையும் கழிவுகளையும் கிருமி நீக்கி அழிக்க வேண்டும் என்பது இன்று அடிப்படை விதி.

ஆய்வுத் தகவல்களைப் பெற்றுக்கொண்டு அமெரிக்கா இஷியைத் தப்பவிட்டது. 1959-இல், 67 வயதில், தொண்டைப் புற்றுநோயால் டோக்கியோவில் இறந்தார். விசாரணைக் கூண்டில் ஒருநாள்கூட நிற்கவில்லை. இளைஞராகச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் எலிகளிடமிருந்து தெள்ளு பிடித்தவரும் பின்னாளில் அமைச்சரானவருமான ஒத்மான் வோக், 1991-இல் பேசிய பிறகே 9420 பிரிவின் கதை இங்கே பரவலாகத் தெரியவந்தது.