லுட்விக் ரேன் (1849 - 1930)

மாணவர்களே, இதயக் காயத்தை முதன்முதலில் வெற்றிகரமாகத் தைத்த சத்திரசிகிச்சை நிபுணர் யார் எனக் கேட்டால், லுட்விக் ரேன் என விடையளிப்பீர்கள். 1896 ஆம் ஆண்டில், கத்திக்குத்துக்கு இலக்கான ஓர் இளைஞரை அவர் அவ்வாறு காப்பாற்றினார். ஆயினும், அதற்கு முந்திய ஆண்டில் அவர் ஆற்றிய பணி எண்ணற்ற தொழிலாளரின் உயிருடன் தொடர்புடையது. அதனையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ரேன் சேர்மனியில் பிறந்து, மாபேர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, பிராங்பேர்ட் நகரில் பணியாற்றினார். அக்காலத்தில் சேர்மனியில் செயற்கைச் சாயத் தொழில் வேகமாக வளர்ந்தது. அனிலீனிலிருந்து பியூக்சின் என்னும் செந்நிறச் சாயம் தயாரிக்கப்பட்டது. அங்கு வேலைசெய்தோர் இரசாயன ஆவிகளை நாள்தோறும் சுவாசித்தனர்.

சிறுநீருடன் குருதி வெளியேறிய நோயாளரை ரேன் பரிசோதித்தபோது, சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டார். அவர்களது தொழிலையும் விசாரித்தார். பியூக்சின் தயாரித்த 45 தொழிலாளருள் மூவருக்கு இந்நோய் இருந்தது. அதாவது 15 பேருக்கு ஒருவர். அரிதான ஒரு நோய் சிறிய குழுவொன்றில் இவ்வளவு காணப்படுவது தற்செயலன்று என அவர் கருதினார். 1895 இல் பேர்லினில் நடைபெற்ற சத்திரசிகிச்சையாளர் மாநாட்டில் இதனை வெளியிட்டார்.

அனிலீனே காரணம் என அவர் எண்ணினார். பின்வந்த ஆய்வுகள் பீற்றா நப்தைலமைன், பென்சிடீன் ஆகியவற்றையே முதன்மைக் காரணிகளாகக் காட்டின. 1938 இல் ஹியூப்பர் குழுவினர் பீற்றா நப்தைலமைன் நாய்களில் இப்புற்றுநோயை ஏற்படுத்துவதை நிறுவினர். 1954 இல் பிரித்தானியாவில் ரொபேட் கேஸ் குழுவினர், சாயத் தொழிலாளரிடையே ஏற்பட்ட இறப்புக்களைப் பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படும் இறப்புக்களுடன் ஒப்பிட்டு ஆபத்தை அளவிட்டனர். ரேனின் அறிக்கைக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 59 ஆண்டுகள். அக்காலத்தில் தொழிற்சாலைகள் இப்பொருள்களைத் தொடர்ந்து உற்பத்தி செய்தன. தொழிலாளரும் தொடர்ந்து நோயுற்றனர். பொருளின் பெயரில் ரேன் தவறினாலும், அவரது எச்சரிக்கை சரியானதே என்பதை உணர்வீர்கள்.

நினைவிற் கொள்க:

1. நோயாளரின் எண்ணிக்கை மட்டும் ஆபத்தைக் காட்டாது. எத்தனை பேருள் எத்தனை பேர் என்பதே அளவாகும்.
2. அவ்வளவை, அப்பொருளுடன் தொடர்பற்றோரின் அளவுடன் ஒப்பிடுதல் வேண்டும்.
3. தொழில்சார் புற்றுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லலாம். எனவே வேலையை விட்டு நீங்கியோரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.