மண்ணுக்கு வளமூட்டிய மாமேதை கார்வர்

அடிமைக் குடிலிற் பிறந்து, கல்வியினால் உயர்ந்து, ஏழை உழவர்க்கே தம் வாழ்நாளை அளித்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் அவரையும் அன்னையையும் கவர்ந்து சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது, அன்னை மீளவேயில்லை. 1865இல் அடிமை முறை ஒழிந்தபின், முன்னாள் எசமானரான மோசஸ் கார்வரும் அவர்தம் துணைவியாரும் அவரை வளர்த்தனர்.

கறுப்பினச் சிறுவர்க்கு அருகில் பள்ளி இல்லை. ஆகவே, அவர் வேற்றூர் சென்று பயின்றார். சமைத்தும் துணி வெளுத்தும் பிழைத்தார். சேர்த்துக்கொள்வதாகக் கூறிய கல்லூரியொன்று, அவர் நிறத்தைக் கண்டதும் கதவை அடைத்தது. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். ஐயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டில் அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்விக்கூடத்திற்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்தமையால் மண் வளமிழந்து கிடந்தது. உழவர்களோ உரம் வாங்கவும் பொருளின்றிக் கடனில் மூழ்கியிருந்தனர்.

காற்றில் நைட்ரஜன் நிறைந்துள்ளது. ஆயினும் செடிகள் அதனை நேரே உண்ண இயலா. அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. கைம்மாறாகச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. இவ்வுண்மையை 1886இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் வெளிப்படுத்தினார். 1888இல் ஹாலந்து அறிஞர் பெய்யரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார்.

அறிஞர் கண்ட அவ்வுண்மையைக் கார்வர் ஏழையின் வயலுக்குக் கொண்டு சென்றார். பருத்தியை மாற்றித் தட்டைப்பயற்றையும், கச்சான் என நாம் வழங்கும் நிலக்கடலையையும் விதைக்கச் செய்தார். பள்ளிக்கு வர இயலாத உழவர்க்காக, 1906 முதல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டியொன்று ஊர்தோறும் சென்றது. விளைந்த கடலை வீணாகாதிருக்க, அதனை உணவாக்கும் 105 முறைகளை 1916இல் சிறு நூலாக வெளியிட்டார். எளிய வாழ்க்கை வாழ்ந்து சேர்த்த பொருளை ஆராய்ச்சிக்கே ஈந்து, 5.1.1943இல் மறைந்தார்.

மாணவர்களே! நம் நாட்டு ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிடுவதும் இந்நுண்ணுயிர்களின் பயன் கருதியே. அவை மண்ணரிப்பையும் தடுக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் பூக்கும் பருவத்துப் பயற்றங்கொடி ஒன்றினை மெல்ல அகழ்ந்து, வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பின் நுண்ணுயிர்கள் உழைக்கின்றன என்று அறிக.

பெற்றோர்களே! அன்று வறுமையைக் காரணங்காட்டி அச்சிறுவன் கல்வியைக் கைவிட்டிருந்தால், எத்தனையோ வயல்கள் பாழ்பட்டே கிடந்திருக்கும். நம் பிள்ளைகளின் கல்வியும் இடையில் நின்றுவிடாமற் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.