விட்ட தோட்டத்துக்குத் திரும்பிய ஆழ்வார்

பெருமாள் கோயில்களில் பூக்குடலையோடு நிற்கும் ஆழ்வாரைப் பார்த்திருப்பீர்கள். அவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். கும்பகோணம் பக்கம் திருமண்டங்குடியில் பிறந்த அவரது இயற்பெயர் விப்ரநாராயணர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, துளசியும் பூச்செடிகளும் வளர்த்து, தானே மாலை தொடுத்து அரங்கனுக்குக் கொடுத்தார்.

இடையில் தேவதேவி என்ற பெண்ணின் மேல் மயங்கித் தோட்டத்தை மறந்தார். பொன்வட்டில் திருடிய பழியில் சிறைப்பட்டார் என்பது வைணவ மரபு. மீண்டு வந்ததும் மாலைத் தொண்டையே தொடர்ந்தார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையும், 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் அவர் பாடியவை.

உங்கள் நிலத்திலும் துளசிக்கு ஓர் ஓரம் ஒதுக்குங்கள். விதையிலும் வரும், தண்டிலும் வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்க விடாதீர்கள். பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து இலை பெருகும். நடுவில் கவனிக்காமல் விட்டிருந்தாலும், இன்றே களையெடுத்துத் தொடங்கலாம்.