ஜி.டி. நாயுடு பிரித்துப் போட்ட வண்டி

ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். ஆட்டோமொபைல் படிக்கிறவனுக்கு ஜி.டி. நாயுடுவை விட்டால் வேறு யார் நினைவுக்கு வருவார்?

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். குழந்தையிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதிலிருந்து அதே நினைப்பு. கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கிவிட்டார். வாங்கினவர் ஊர் சுற்றினாரா என்றால் அதுதான் இல்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். அவருக்கு அதுதான் காலேஜ்.

1920ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுவே வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆனது. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். 1945ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் வரக் காரணமானார். நம்மைப் போன்றவர்கள் இதை மறக்கக் கூடாது. தொழில் படிப்புக்கு இத்தனை வருஷம் எதற்கு என்று அரசோடு மல்லுக்கட்டி விலகியவரும் அவரே! 1952ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

அவர் பெயரிலான அறக்கட்டளை கோவையில் 2015ல் கார் மியூசியம் திறந்தது. பழைய கார்கள் பளபளவென்று நிற்கின்றன. இன்றைக்கு ஷோரூமிலிருந்து வருகிற காரும் ஒருநாள் இப்படி நிற்குமா? என்னைக் குடைகிற கேள்வி இதுதான்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து பழைய ஜீப்தான் வரும். சாமை மூட்டை, பலாப்பழம், பிரசவ வலி வந்த பெண் எல்லாம் அதில்தான். புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்து போடலாம். கேஸ்கெட் போனால் ஷீட் வாங்கி வெட்டிப் போடலாம். ரட்ஜைப் போல ஸ்பேனர் பிடித்தவனுக்கு அடங்குகிற வண்டி அது. புதிய கார் அப்படியில்லை. உள்ளே இ.சி.யூ., சென்சார், சாஃப்ட்வேர். ஒரு போர்டு செத்தால் இன்ஜின் நன்றாக இருந்தும் வண்டி கிளம்பாது. அந்த சிப் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டால் எந்த லேத்தில் கடைவது? தகரத்தைத் தட்டி பெயின்ட் அடிக்கலாம், ஓட வைக்க முடியாது. ஓடாத வண்டி பொம்மைதானே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மலையில் ஒரு ஒர்க்ஷாப் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பிரிக்க விடாத வண்டி வந்தால் என் பிழைப்பு என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் நம்பிக்கை விடவில்லை. இ.சி.யூ.வையும் மனிதன்தானே செய்தான்? ஒயரிங் படமும் சாஃப்ட்வேரும் மெக்கானிக் கைக்குக் கிடைத்தால் அதையும் பிரித்துப் பூட்டலாம். நாயுடு இன்று இருந்தால் முதலில் ஸ்கேனரைத்தான் கழற்றிப் பார்த்திருப்பார்!

2021ல் வந்த விதிப்படி 50 வயதான சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். முதல் மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். 2033ல் அதற்கு வயது 50. கார்புரேட்டர் வண்டிதான் அது. என் ஸ்பேனருக்கே அடங்கும்.

– இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல்